தேக்கரண்டியால் புகட்டிய நாள்

மகனுக்கு அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். மகளுக்கு ஐந்து. லண்டனில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கணவரின் அக்கா வீட்டுக்குப் போனோம். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலை மலைக்குள் ஆட்டோவில் இருபது நிமிடம் போக வேண்டும். கணவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினான்கு வயதில் லண்டனுக்குப் போனவள். கலியாணம் முடித்து ஏழு வருடத்தில் மலைநாட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் கணவரின் அக்காவை மச்சாள் என்போம். அங்கே அப்படிக் கூப்பிடுவதில்லை என்று கணவர் சொல்லியிருந்ததால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை விடப் பத்து வயது மூத்தவர். ஆனால் என்னை 'வாங்க, உக்காருங்க' என்றுதான் பேசினார். தம்பியை 'டா' போட்டுப் பேசியவர், என்னிடம் வந்ததும் ஏதோ ஆபீசுக்கு வந்தவர் போல முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

எங்களுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கட்டிலில் விரித்திருந்த புது விரிப்பில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் வேலை செய்வதால் அவர்களுடைய அறை எங்களுக்கு. நான் கொண்டுபோன பெரிய பையில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் சாமான்தான். பெம்பர்ஸ், கை துடைக்கும் திரவம், மருந்துகள். போதாததற்கு வழியில் எட்டுப் பெரிய போத்தல் தண்ணீரும் வாங்கி ஏற்றியிருந்தோம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அக்கா ஒரு தட்டில் இரண்டு சின்னக் கிளாஸ் தண்ணீர் வைத்துப் பிள்ளைகளிடம் நீட்டினார். மகள் கை நீட்டிவிட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"குறை நினையாதேங்கோ அக்கா. பிள்ளையளுக்கு நாங்கள் போத்தில் தண்ணிதான் குடுக்கிறது."

"பரவால்லங்க" என்றார். தட்டைத் திருப்பி எடுத்துப் போனார். குசினி வாசலில் நின்று இரண்டு கிளாஸ் தண்ணீரையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தானே குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவப் போனதை நான் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அக்காவுக்கு வேலை புள்ளக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் இடம் அது. கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரைக்கும் பத்திருபது பிள்ளைகள் எப்போதும் இருக்கும். பத்தொன்பது வருடமாக அக்கா அங்கே இருக்கிறார் என்று கணவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் அதைக் காதில் வாங்கியதோடு சரி.

முதல் மூன்று நாளும் நன்றாகவே போயின. ஆகஸ்ட் மாதம் என்பதால் மெல்லிய தூறலும் பனி மூட்டமுமாக இருந்தது. பிள்ளைகள் தொப்பியும் சுவெட்டருமாக முற்றத்தில் கோழிகளைத் துரத்தினார்கள். நாலாம் நாள் அக்காவின் கணவர் தன் ஆட்டோவில் எங்களை எல்லாம் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார். ஏரியைச் சுற்றி வந்து, மகளைக் குட்டைக் குதிரையில் ஏற்றி, பூங்காவைப் பார்த்து, கால் வலியெடுத்த நேரத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிக் கதவு, வெள்ளைத் தரை, தொப்பி போட்ட பணியாட்கள். எல்லோருக்கும் ஸ்ட்ரோபெரி ஜூஸ் சொன்னேன். மகனும் என் கிளாஸிலிருந்து உறிஞ்சிக் குடித்தான்.

"ஐஸ் போட்டிருக்காங்களே" என்றார் அக்கா, மெதுவாக.

"இது நல்ல கடை அக்கா" என்றேன்.

அவர் தன் கிளாஸை மேசையோரம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் விடிந்து வெளிச்சம் வரும்போது மகன் சிணுங்கிக்கொண்டே எழும்பினான். பெம்பர்ஸ் நிரம்பி, படுக்கை விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. வெறும் தண்ணீர். கழுவி, மாற்றி, மடியில் வைத்த பத்து நிமிடத்தில் மறுபடியும். ஏழு மணிக்குள் நாலு தடவை. பிறகு வாந்தியும் தொடங்கியது.

நான் பயந்துபோனேன். பயம் வந்தால் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் போலிருக்கும் எனக்கு. கணவர் அறைக்குள் வந்ததும் ஆங்கிலத்தில் கொட்டினேன். "இந்தத் தண்ணியாலைதான். உங்கடை அக்கா எனக்குத் தெரியாமல் குடுத்திருப்பா. இல்லாட்டி அந்தத் தண்ணியிலை கோப்பை கழுவியிருப்பா. இந்தத் தண்ணிதான், வேறை ஒண்டும் இல்லை." ஆங்கிலத்தில் சொன்னால் வெளியே விளங்காது என்பது என் எண்ணம். பேசி முடித்துத் திரும்பினால் அக்கா வாசலில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போத்தலை மேசையில் வைத்தார்.

"குளிப்பாட்ட வேணும்னா வெந்நி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எட்டரை மணிக்கெல்லாம் அடுப்பில் ஒரு பெரிய பானை கொதிப்பதையும், அக்கா வீட்டிலிருந்த கோப்பை, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு எடுப்பதையும் பார்த்தேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. எங்கள் அறைப் பக்கமும் வரவில்லை.

நான் கொண்டுவந்த மருந்துப் பையில், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனிப் பக்கெட்டுகள் இருந்தன. ஒன்றைப் போத்தல் தண்ணீரில் கரைத்துக் கோப்பையில் ஊற்றி மகனுக்குக் கொடுத்தேன். தாகத்தில் இருந்த பிள்ளை மடமடவென்று முழுவதையும் குடித்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் குடித்ததெல்லாம் என் மேலேயே வந்துவிட்டது. மீண்டும் கரைத்தேன். மீண்டும் குடித்தான், மீண்டும் எடுத்தான். மூன்றாம் தடவை கோப்பையைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கைப்பேசியில் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல். அதுவும் வந்து வந்து போகும். கணவர் ஜன்னலில் கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். மகள் கட்டிலின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, "தம்பிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பையைக் கொட்டித் தேடினேன். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை ஒன்று கிடைத்தது, பெரியவர்களுக்கானது. பயணத்துக்கு என்று எனக்காக வாங்கியது. கால் துண்டு கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சின்னக் கத்தியால் வெட்டினேன். அதைத் தண்ணீரில் கரைக்கப் போன நேரம் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அத குடுக்காதீங்க."

அக்காதான். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் என்னைத் தொடாதவர், அன்று பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

"சின்னப் புள்ளைக்கு அது ஆகாதுங்க. போறத கட்டிப் போட்டா உள்ளுக்கே நின்னுக்கும். போனா போகட்டும். போற தண்ணிக்குச் சமமா உள்ள போனாப் போதும்."

"குடுத்தாச் சத்தி எடுக்கிறான் அக்கா" என்றேன்.

அவர் என் மணிக்கட்டை விட்டார். மகனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயைத் திறந்து நாக்கைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டு, அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார். கண்ணுக்குக் கீழே விரலால் தடவினார். எல்லாவற்றையும் நிதானமாக, தினமும் செய்கிற வேலை போலச் செய்தார். அப்போதுதான் எனக்கு அவர் என்ன வேலை செய்கிறவர் என்பதே உறைத்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

எனக்குத் தெரியவில்லை. பெம்பர்ஸில் எது மலம், எது சிறுநீர் என்று எப்படிப் பிரிப்பது?

"அதக் கழட்டிருங்க" என்றார். பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துத் துண்டு துண்டாக்கிக் கொண்டுவந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு துண்டைச் சும்மா விரித்து, மேலே சூடாகப் போர்த்தினார். "இப்ப எது போனாலும் கண்ணுக்குத் தெரியும். ஒண்ணுக்குப் போகுதான்னு தெரியணும். அதுதான் முக்கியம்."

பிறகு ஒரு தேக்கரண்டியை எடுத்தார். நான் கரைத்து வைத்திருந்ததில் ஒரு கரண்டி எடுத்து மகனின் கன்னத்துப் பக்கமாக விட்டார். நிறுத்தினார். கணவரைப் பார்த்து, "டேய், போன்ல நேரத்தப் பாரு. ரெண்டு நிமிசம் ஆனதும் சொல்லு" என்றார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு கரண்டி. மகன் அழுதான், இன்னும் கேட்டான். அவர் கொடுக்கவில்லை. நான் கோப்பையை எடுக்கப் போனபோது தலையை ஆட்டித் தடுத்தார். அரை மணித்தியாலத்தில் ஒரு தடவை வாந்தி வந்தது. "பத்து நிமிசம் சும்மா விடுங்க. அப்புறம் ஒண்ணுல இருந்து தொடங்கலாம்." பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு கரண்டி.

"தாய்ப்பால் குடுக்குறீங்கதானே?" என்று கேட்டார்.

"நிப்பாட்ட வேணும் எண்டு குறைச்சுக்கொண்டு வந்தனான்."

"இப்ப நிப்பாட்டாதீங்க. கேக்கும்போதெல்லாம் குடுங்க."

இப்படியே பத்து மணி ஆயிற்று. வாந்தி குறைந்தது. ஆனால் வயிற்றோட்டம் நிற்கவில்லை, போட்ட துணியெல்லாம் பச்சைத் தண்ணீராக நனைந்தது. ஒரு துணியிலும் சிறுநீர் இல்லை. மகன் சோர்ந்து என் தோளில் சாய்ந்தான். அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. அக்காதான் கவனித்தார்.

"கெளம்புவோம்" என்றார். "இதுக்கு மேல வீட்டுல வெச்சிருக்கக் கூடாது."

பதறாமல்தான் சொன்னார். எழுந்து, கரைத்த தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, கரண்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, சேலைத் துண்டுகளைப் பையில் அடுக்கினார். அவருடைய கணவர் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்தார். மகளை அப்பாவோடு வீட்டில் விட்டுவிட்டு நானும் அக்காவும் ஏறினோம். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு வளைவிலும் ஆட்டோ நிதானித்த நேரம் பார்த்து அக்கா ஒரு கரண்டி ஊற்றினார். பாதி சிந்தியது. பாதி உள்ளே போனது.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் அன்று கூட்டமாக இருந்தது. எனக்குச் சிங்களம் தெரியாது. அக்கா வரிசையைத் தாண்டிப் போய்த் தாதியிடம் சிங்களத்தில் நாலே வசனம் பேசினார். அந்தத் தாதி எழும்பி வந்து மகனைப் பார்த்துவிட்டு எங்களை நேரே உள்ளே அனுப்பினார். டாக்டர் ஒரு சிங்களப் பெண், என்னை விட வயது குறைந்தவர். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். எத்தனை தடவை போனது, இரத்தம் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, கடைசியாக எப்போது சிறுநீர். பாதிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். விடிந்ததிலிருந்து பதினோரு தடவை. இரத்தம் இல்லை. உடம்பு சூடு கொஞ்சம். ஒன்பது மணிக்குப் பிறகு வாந்தி ஒரு தடவை. எங்கள் அறைப் பக்கமே வராத நேரத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டரும் அதே மாதிரி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உடம்பில் நீர் குறைந்திருக்கிறது, ஆனால் மோசமில்லை" என்றார். "சேலைன் ஏற்றுவதற்கு முன் நாலு மணித்தியாலம் வாயால் கொடுத்துப் பார்ப்போம். இவர் கரண்டியால் கொடுக்கிற மாதிரியே கொடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்த மருந்து எதுவும் வேண்டாம். அன்டிபயோட்டிக்கும் இப்போது தேவையில்லை. சிறுநீர் போனால் என்னைக் கூப்பிடுங்கள்."

"எதாலை வந்திருக்கும் டொக்டர்?" என்று கேட்டேன். தண்ணீர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேனா, இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

"யாருக்குத் தெரியும்? ஐஸ், பழம், பால், கை. இந்த வயதில் எல்லாமே வாய்க்குள் போகுமே." சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார்.

பிள்ளைகள் வார்டின் ஓரத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. அக்கா கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகனை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் கோப்பையைப் பிடித்தேன், அவர் கரண்டியைப் பிடித்தார். பிறகு நான் கேட்டேன், "நான் குடுக்கட்டே?" என்று. கரண்டியை என்னிடம் தந்தார். முதல் கரண்டியை நான் நடு நாக்கில் ஊற்ற, மகன் இருமினான். "கன்னத்துப் பக்கமா" என்றார். அதன் பிறகு சரியாக வந்தது.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்றால் இடையில் பேச நிறைய நேரம் இருக்கிறது. அக்காதான் தொடங்கினார். மகனின் நெற்றியைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காலையில நீங்க இங்கிலீஷ்ல சொன்னது எனக்கு வெளங்குச்சுங்க. வாட்டர்னா என்னான்னு எங்களுக்கும் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. "அக்கா, நான் பயத்திலை..."

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரல. அந்தத் தண்ணிய நானும் நம்புறதில்ல. மழ பேஞ்சா மலையில இருந்து தண்ணி வர்ற பீலியில செவப்பாத்தான் வரும். மேல மாடு மேயுது, ஆளுக நடமாடுறாங்க. புள்ளக்காம்பராவுல கொதிக்க வெக்காம ஒரு சொட்டு யாருக்கும் குடுக்க விட மாட்டேன். அன்னைக்கு ஒங்க புள்ளைகளுக்குக் கொண்டாந்தேனே, அதுவும் கொதிக்க வெச்சு, துணியில வடிகட்டி, ரா முழுக்க ஆற வெச்ச தண்ணிதான்."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல" என்றார். "கேக்காதவங்ககிட்ட எப்புடிச் சொல்றது? பெரிய எடத்துல இருந்து வர்றவங்க. நாம சொன்னா எடுபடுமோ என்னமோன்னு இருந்துட்டேன். அந்தக் கடையிலயும் அப்புடித்தான். வாய் வரைக்கும் வந்துச்சு. விட்டுட்டேன். அது என் தப்பு."

அவருடைய தப்பு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கரண்டியை நீட்டினேன். மகன் வாய் திறந்து வாங்கினான்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு மேல ஒருத்தன் இருந்தான், தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. கணவர் சொன்னதேயில்லை.

"ஒங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. இவன் அப்ப அம்மா வயித்துல. எனக்கு ஏழு வயசு. மூத்த தம்பிக்கு ரெண்டு. நாங்க இருந்த லயத்து வீடுகள்ல நாலஞ்சு புள்ளைகளுக்கு ஒண்ணா வயித்தால போச்சு. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு பெரியவங்க தண்ணிய நிப்பாட்டிட்டாங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான். அவன் தண்ணி தண்ணின்னு கேட்டான். என்னையத்தான் பாத்துக்கச் சொல்லிட்டு அம்மா வேலைக்குப் போச்சு. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் குடுக்கல."

அவர் அழவில்லை. குரலும் மாறவில்லை. மகனின் நெற்றியில் இருந்த கையை எடுத்து, அவன் போர்வையை இழுத்துவிட்டார்.

"புள்ளக்காம்பரா வேலைக்கு எடுத்தப்ப ஒரு பயிற்சி குடுத்தாங்க. அதுல இதச் சொல்லிக் குடுத்தாங்க, உப்பு, சீனி, தண்ணி, கரண்டின்னு. இவ்வளவுதானான்னு இருந்துச்சு எனக்கு. வீட்டுல இருந்த சாமான்தானே எல்லாம்."

கோப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு, "நேரத்தப் பாருங்க" என்றார். நான் கரண்டியை எடுத்தேன்.

ஒரு மணிக்குப் போத்தலில் பாதி முடிந்திருந்தது. மகன் கொஞ்சம் தூங்கினான். இடையில் ஒருமுறை எழுப்பி நான் பால் கொடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய் ஒருத்தி அக்காவைத் தெரிந்தவளாக இருந்தாள். அவள் பிள்ளையும் ஒரு காலத்தில் அக்காவிடம் வளர்ந்ததுதானாம். "நம்ம ஆயாம்மா இருந்தா ஏன் பயப்படணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டரை மணி இருக்கும். அக்கா திடீரென்று "ஐயையோ" என்று கத்தினார். நான் திடுக்கிட்டு எழும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் சேலை நனைந்து, முழங்கால் வரை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு இருந்துட்டான்! இருந்துட்டான்!"

குனிந்து துணியை முகர்ந்து பார்த்து, "இது ஒண்ணுக்குத்தான்" என்று தாதிக்குச் சிங்களத்திலும் எனக்குத் தமிழிலும் சொன்னார். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன். மகன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விடிந்ததிலிருந்து பேசாதவன், "பிஸ்கட்" என்றான்.

டாக்டர் வந்து பார்த்து, சேலைன் தேவையில்லை என்றார். பத்து நாளைக்குத் துத்தநாக மாத்திரை தந்தார். வயிற்றோட்டம் இன்னும் சில நாள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் போன பிறகு கரைசல் கொடுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள் என்றார். இரத்தம் கண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். இந்த முறை நான் கவனமாகக் கேட்டேன். அக்காவும் கேட்டார். ஐந்து மணிவரை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள்.

சுகமாக நாலு நாள் எடுத்தது. கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இடையிடையே கரண்டி. அந்தத் தூறலில் ஒரு துணியும் காயவில்லை. அக்காவின் கணவர் அடுப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். குசினிக்குள் போகிற எவரும் சேலைத் துண்டுகளை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பின்வாசல் குழாயில் அக்கா சவர்க்காரத்தை ஒரு வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டார். பிள்ளையைக் கழுவினால், துணியைத் தொட்டால், சாப்பாட்டுக்கு முன்னால், எல்லோருக்கும் அங்கேதான் வேலை. இடையில் மகளுக்கும் ஒரு நாள் வயிற்றால் போனது. அவளுக்கு அதில் பெருமை. "எனக்கும் கரண்டி" என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். அக்கா இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அவளுக்கும் கொடுத்தார்.

கணவரிடம் அந்த அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவர் எழும்பிப் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், துணியின் மற்ற நுனியைப் பிடித்துப் பிழிந்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

பிள்ளைகள் இருவரும் தேறியதும் நான் விழுந்தேன். அவ்வளவு துணியைக் கழுவியதற்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு பகல் முழுக்கக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தேன். கணவர் விமானச் சீட்டு விஷயமாக டவுனுக்குப் போயிருந்தார். அக்கா பிள்ளைகள் இரண்டையும் தன்னோடு புள்ளக்காம்பராவுக்குக் கூட்டிப் போய்விட்டு, பத்து மணியளவில் என்னைப் பார்க்க மலையேறி வந்தார். கையில் ஒரு கிண்ணம் கஞ்சி. நான் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டேன்.

"எந்திரி" என்றார். "எந்திரிச்சு இதக் குடி. நீயும் ஒரு புள்ள மாதிரி அடம் பிடிச்சா நான் யாரப் பாக்குறது?"

எழும்பிக் குடித்தேன். அவர் 'நீ' என்று சொன்னதை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

மாலையில் உடம்பு லேசானதும் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனேன். தூறல் விட்டிருந்தது. மேல் ரோட்டிலிருந்து கொழுந்துப் பையோடு தாய்மாரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சின்னப் பாய்களில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் என் மகன், யாருடையதோ ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு. என் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கடலையாகத் தோல் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ கண்ணா, வீட்டை போவம்" என்று கையை நீட்டினேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வாய் நிறையக் கடலை.

"அம்மா போ" என்றான்.

பக்கத்தில் நின்ற தாய்மார் சிரித்தார்கள். அக்கா உள்ளேயிருந்து, "தின்னு முடிக்கட்டும், விடு" என்றார். நான் படியில் உட்கார்ந்து, அவன் தின்று முடிக்கும் வரை காத்திருந்தேன்.